கணக்குக் கேட்டால் தாழ்மை இல்லையா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் பள்ளி ஒன்றில் எட்டு ஆண்டு நான்கு மாதமாகக் கணித ஆசிரியர். மாதம் 22,000 ரூபாய். ஆறு வயதில் ஒரு மகள். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. சர்க்கரை நோயுள்ள அம்மாவும் கூடவே இருக்கிறார். ஆறு வருடமாக ஞாயிறு மாலைகளில் பக்கத்து இரண்டு ஊர்களில் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறார். கன்வென்ஷன் கூட்டமொன்றில் முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து எழுந்து நின்றவர், வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட நினைக்கிறார்.

அவரைத் தன் ஊழியத்தில் சேரச் சொல்லும் மூத்த ஊழியரைக் கடிதம் முழுக்க 'அண்ணன்' என்றே குறிப்பிடுகிறார். அண்ணன் சொல்வது இது: சம்பளம் கிடையாது. தேவையை மனிதரிடம் சொல்லக் கூடாது. எல்ஐசி பாலிசி வைத்திருப்பது அவிசுவாசம். பிஎஃப் பணத்தை எடுத்து ஊழியத்தில் விதைக்க வேண்டும். "ஜார்ஜ் முல்லர் யாரிடமாவது கேட்டாரா?" என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அநாதை இல்லம் நடத்திய ஊழியரைக் காட்டி அண்ணன் அடிக்கடி வைக்கும் கேள்வி. ஏற்கெனவே மனைவியின் மூன்று சவரன் நகை, ஒலிபெருக்கி செட் வாங்க 1,10,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. ஜெப வீட்டுக்கு ஷெட் போட 3,40,000 ரூபாய் சேர்ந்தது. பில் இருப்பது 2,15,000 ரூபாய்க்குத்தான். மீதியைப் பற்றி இவர் கேட்டதற்கு, "உனக்குள் இன்னும் தாழ்மை வரவில்லை, தம்பி" என்று பதில் வந்திருக்கிறது. இப்போது காணிக்கையை இவருடைய கூகுள் பே எண்ணுக்கே வாங்கச் சொல்கிறார்கள். மலேசியாவிலிருந்து ஒரு நண்பரும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்.

தயங்குவது அவிசுவாசமா, கணக்குக் கேட்டது பெருமையா, தேவையை வாய்விட்டுச் சொன்னால் தேவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரரே,

உங்கள் கடிதத்தில் 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்று உங்களைப் பற்றி ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு வரி கீழே, "நான் போகாவிட்டால் அந்த இரண்டு ஊரும் அவ்வளவுதான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. ஊழியத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களின் மனதில் இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன. தன்னைத் திட்டிக்கொள்வதைத் தாழ்மை என்று நாம் எண்ணிக்கொள்வதால், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மற்றது கண்ணில் படுவதில்லை. கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் 'மாயமான தாழ்மை' என்றே ஒன்றைக் குறிப்பிடுகிறார் (2:23). பார்வைக்கு ஞானம்போல இருக்கும், ஆனால் மாம்சத்தை அடக்க உதவாது என்கிறார்.

பூமியிலுள்ள எல்லாரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று வேதம் சொல்வது மோசேயை (எண். 12:3). அந்த மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதை மாமனார் எத்திரோ ஒரு நாள் பார்க்கிறார். இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனமும் தொய்ந்துபோகும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார் (யாத். 18). எரியும் முட்செடியில் தேவனோடு பேசியவர், மீதியான் தேசத்து ஆசாரியரான ஒரு மாமனார் சொன்ன நிர்வாக யோசனையைக் கேட்டு அப்படியே செய்தார். தாழ்மையை அடையாளம் காண இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது: இன்னொருவர் வந்து பார்க்கலாம், கேட்கலாம், நிறுத்தச் சொல்லலாம். தேவன்மேல் நம்பிக்கை இருப்பவருக்கு அதற்கு இடம்கொடுப்பதில் பயம் இருக்காது. வேலை தன்னுடையதல்ல என்று அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நின்றுகொண்டு உங்கள் மூன்று கேள்விகளையும் பார்ப்போம். கணக்கைத்தான் முதலில் எடுக்கிறேன். அதுதான் ஆறப்போட முடியாதது.

மீதி 1,25,000 ரூபாய்

எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் பணம் சேர்த்தபோது பவுல் என்ன செய்தார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பணத்தைக் கொண்டுபோகத் தீத்துவை மட்டும் அனுப்பவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (வச. 20, 21). அப்போஸ்தலன் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட இடம் அது. கணக்குக் கேட்ட உங்களுக்குத் தாழ்மை இல்லை என்றால் பவுலுக்கும் இல்லை.

ஆனாலும் பணம் களவுபோனது என்று இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். சிறிய ஊழியங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. கொத்தனாருக்கும் வெல்டிங் வேலைக்கும் கைக்காசாகக் கொடுத்திருப்பார்கள், சீட்டு இருக்காது. நடுவில் ஒரு விசுவாசியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக எடுத்திருப்பார்கள். நல்ல காரியத்துக்குத்தானே போனது என்று விட்டுவிடுவார்கள். ஷெட்டுக்கென்று கொடுத்த பணம் வேறெதற்குப் போனாலும், அது நல்ல காரியமே ஆனாலும், கொடுத்தவருக்குச் சொல்லியாக வேண்டும். பிசகு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அண்ணனிடம் தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 காட்டும் வழி அதுதான். "மீதிப் பணம் எங்கே?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஷெட் கணக்கை ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன், சீட்டு இருப்பதையும் இல்லாததையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் கணித ஆசிரியர். இது உங்களுக்கு ஒரு சாயங்கால வேலை. சீட்டு இல்லாத செலவுக்குத் தேதி, தொகை, வாங்கியவர் பெயர் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கலாம். மறுத்தால் ஒன்றிரண்டு மூப்பர்களோடு போங்கள். டிரஸ்டாகப் பதிவு செய்திருந்தால் மற்ற டிரஸ்டிகளுக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். பழைய தேதி போட்ட வவுச்சர் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அன்பாகக் கேட்டாலும் சரி. இதற்குப் பிறகும் மூடி மறைத்தால் அந்த ஊழியத்தில் நீங்கள் சேர வேண்டாம். ஒரு வேலைக்கு அழைப்பு இருப்பதும், ஒரு குறிப்பிட்ட மனிதரின் கீழ் வேலை செய்ய அழைப்பு இருப்பதும் ஒன்றல்ல. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார் (கலா. 2:11-14). மூத்தவர் என்பதால் அவர் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை.

கூகுள் பே யோசனைக்கு உடனே மறுப்புச் சொல்லிவிடுங்கள். உங்கள் எண்ணுக்கு வரும் காணிக்கை பால்காரர் பணத்தோடும் பெட்ரோல் பணத்தோடும் கலந்துபோகும். ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. வருமான வரியிலும் சிக்கல் உண்டு: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அந்தத் தொகை முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்டைப் பதிவு செய்து, அதன் பெயரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் எடுக்க வேண்டும். காசோலைக்கு இருவர் கையெழுத்து வையுங்கள், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஞாயிறு காணிக்கையை இருவர் எண்ணி, அங்கேயே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில் கட்டிவிட வேண்டும். பூட்டிய பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும் பணம் நல்லவரையும் சோதிக்கும்.

மலேசிய நண்பர் விஷயத்தில் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாக அங்கே வேலை பார்த்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடிமகன் என்றால், தமிழர்தானே, தெரிந்தவர்தானே என்பதெல்லாம் கணக்கில் வராது. ஊழியத்துக்கென்று அவர் அனுப்பும் பணத்தை வாங்க எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். அது இல்லாமல் வாங்குவது குற்றம். ஊழியப் பணம் என்பதால் சட்டம் விலகி நிற்காது.

முல்லரைப் பற்றி முழுதாகச் சொன்னால்

முல்லர் யாரிடமும் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. 1830-இல் டெய்ன்மவுத் சபையில் தனக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தையும் விட்டார். அது ஆலயத்தில் இருக்கைகளுக்கு வாங்கிய வாடகையிலிருந்து வந்த பணம். ஏழைக்கு ஓர் இடம் பணக்காரருக்கு ஓர் இடம் என்றாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. அந்த முடிவை அவர் தனியாக எடுக்கவில்லை. மணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த மனைவி மேரியும் சேர்ந்து எடுத்தார். 1836-இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கிய பிறகு வந்த நன்கொடைகளுக்கு ரசீது கொடுத்தார். ஆண்டுதோறும் வரவுசெலவை அச்சிட்டு வெளியிட்டார். கடன் வாங்குவதில்லை என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றார்.

ஆக, முல்லர் வழி என்று ஒன்று இருந்தால் அதில் கேளாமையும் கடனின்மையும் திறந்த கணக்கும் ஒரே கட்டாக இருக்கின்றன. உங்களிடம் சொல்லப்படுவதோ கேளாமையை மட்டும் உருவிக்கொண்ட முல்லர். நகையை அடகுவைத்து ஒலிபெருக்கி வாங்கிய அன்றே அவர் வழியை விட்டாயிற்று.

மேலும், அது முல்லருக்குக் கிடைத்த நடத்துதல், எல்லாருக்கும் விதித்த சட்டமல்ல. ஸ்பானியா தேசத்துக்குப் போகும்போது ரோமாபுரிச் சபையார் தன்னை வழியனுப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதைப் பவுல் வெளிப்படையாகவே எழுதினார் (ரோமர் 15:24). நம் திருநெல்வேலியிலேயே பாருங்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற அடிப்படையில்தான் நின்றது. ஊர்ச் சபையார் கொடுத்த காணிக்கை தாங்கித்தான் மிஷனெரிகள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் போனார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

தேவையைச் சொல்லவே கூடாது என்னும் இடங்களில் வேறொரு பழக்கம் முளைப்பதையும் கவனித்திருப்பீர்கள். "அவசரத் தேவை ஒன்று உண்டு, தொகையைக் கர்த்தர் அறிவார், ஜெபியுங்கள்" என்று ஜெபக்குறிப்பு வரும், கீழேயே வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். அதைவிட நான்கு பேரை உட்காரவைத்து, மாதம் இவ்வளவு வேண்டும், இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு குறைகிறது என்று சொல்வது நேர்மை. சொல்லிவிட்டுத் தேவனை நம்பலாம். கொடுக்க வேண்டும் என்று அந்த நான்கு பேருக்கு எந்தக் கட்டாயமும் இல்லையே.

ஏப்ரலா, பிறகா?

உங்கள் தயக்கம் அவிசுவாசமல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் இயேசுவே (லூக்கா 14:28). தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதத்தை எடுத்துக் காட்டியது பிசாசு. குதிக்க மறுத்ததில்தான் அன்று பிதாவின்மேலிருந்த நம்பிக்கை வெளிப்பட்டது.

நீங்கள் எழுதியிருக்கும் செலவுகளைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 4,000. மளிகை, பால், கேஸ் 8,000. அம்மாவின் மருந்து 900. இரண்டு ஊருக்கும் போய்வரும் பெட்ரோல் 1,800. அடகு வட்டி, மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்று 1,650. மொத்தம் 16,350. மகளின் பள்ளிக் கட்டணம் இதில் இல்லை. ஆசிரியர் பிள்ளை என்பதால் இப்போது அதே பள்ளியில் இலவசமாகப் படிக்கிறாள். நீங்கள் விலகிய அன்றே அந்தச் சலுகை போய்விடும். பிப்ரவரியில் பிரசவம் என்றால் ஏப்ரலில் கைக்குழந்தைக்கு இரண்டு மாதம்.

பிஎஃப் பணத்தில் கைவைக்க வேண்டாம். அதில் ஓய்வூதியப் பகுதி ஒன்று இருக்கிறது. பத்து ஆண்டுப் பணி நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கு இரண்டு ஆண்டுகூடப் பாக்கி இல்லை. அந்தப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் இதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். கட்டாயம் விலக நேர்ந்தாலும் பணமாக வாங்காமல் உழைத்த ஆண்டுகளைக் கணக்கில் காத்துவைக்கும் ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வையுங்கள். பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) மறக்காதீர்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாக எண்ணப்படும் என்பதால் ஏப்ரல் கடைசியில் ஒன்பது ஆண்டுக் கணக்கு, ஏறத்தாழ 93,000 ரூபாய். ஊழியத்துக்குப் போகிறவர் இதைக் கேட்கலாமா என்று கூச வேண்டாம், உழைத்த கூலி அது. எல்ஐசி பிரீமியம் கட்ட முடியாமல் போனால்கூட சரண்டர் செய்து நஷ்டப்படாமல், பெய்ட்-அப் ஆக, அதாவது மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகைக்குத் தொடரும் பாலிசியாக, மாற்ற முடியுமா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துச் சேர்த்துவைக்கச் சொன்ன யோசேப்பை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

வரும் ஏப்ரலில் விலக வேண்டாம் என்பது என் கருத்து. பத்தாண்டு நிறையும்வரை இருங்கள். அதற்குள் நகையை மீட்டு, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வையுங்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைத்து வயிறு வளர்த்தார் (அப். 18:3). மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயும் வந்து சேர்ந்த பிறகுதான் வசனத்துக்கு முழுநேரத்தையும் கொடுத்தார். அந்தச் சகோதரர்கள் வந்து அவர் குறைவை நிறைவாக்கினார்கள் என்று அவரே எழுதுகிறார் (2 கொரி. 11:9). தையல் ஊசி பிடித்த மாதங்களில் அவர் அப்போஸ்தலனாக இல்லாமல் போய்விடவில்லை. காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை: ஒத்திப்போட்டே ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே தேதியை உங்கள் போதகரிடமும் இரண்டு மூப்பரிடமும் இப்போதே சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மனைவியின் மௌனம்

அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "அவளுக்கு விசுவாசம் கொஞ்சம் குறைவு, எதுவும் பேசமாட்டாள்." மூன்று சவரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் வட்டி போவதைப் பார்த்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு பேசாமல் இருப்பவரை விசுவாசம் குறைந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த நகை அவருடைய சொத்து; சட்டமும் அப்படித்தான் சொல்லும். தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 என்ன சொல்கிறது என்பதை நீங்களே பல தடவை பிரசங்கித்திருப்பீர்கள்.

மகள் தூங்கிய பிறகு, மேலே உள்ள கணக்கை அவர் முன் வைத்து, "உனக்கு எது பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலுக்கு வசனம் சொல்லாதீர்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் மனதார ஒத்துக்கொள்ளாத தேதி சரியான தேதியல்ல.

இனி அந்த இரண்டு ஊர். தோனாவூரில் பிள்ளைகளுக்காக உழைத்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே படுத்துக் கிடந்தார். அந்த இருபது ஆண்டும் வேலை நிற்கவில்லை. அதைக் கையில் வாங்க அவர் அங்கே ஆட்களை வளர்த்திருந்தார். அவருடைய கல்லறையில்கூடப் புகழ் பொறித்த கல் இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டிதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு பெண் வருகிறாள். பிளஸ் டூ படிக்கிறாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருடமாக ஆசைப்படுகிறாள், "இன்னும் பக்குவம் போதாது" என்று நிறுத்திவைத்திருக்கிறீர்கள். வரும் ஞாயிறு இரண்டாவது ஊரில் பாட்டு அவளுடையதாக இருக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்காருங்கள். ராகம் கொஞ்சம் இறங்கிப்போனாலும் எழுந்து எடுத்துக்கொடுக்காதீர்கள்.